புகை வராத அடுப்பு

கரூரில் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கும் சாலையில் முப்பத்தொரு வருஷம் தகரத்தோடும் ரிவிட்டோடும் இருந்த நாச்சிமுத்து, பட்டறையைத் தங்கை மகனிடம் ஒப்படைத்த மறுவாரமே தனக்கென்று ஒரு வண்டி கட்ட ஆரம்பித்தார். எண்ணூறு பஸ்ஸுக்கு மேல் கட்டி ஊர் ஊராக அனுப்பியவர், அந்தப் பஸ்கள் போன ஊர்களில் பத்தைக்கூடப் பார்த்ததில்லை. அந்தப் பஸ்களின் சீட்டுக்கெல்லாம் ரெக்ஸின் தைத்துக்கொடுத்த அவர் மனைவி வசந்தாமணி அந்தப் பத்தையும் பார்த்ததில்லை. ஆகவே ஜீப்புக்குப் பின்னால் கோத்து இழுத்துக்கொண்டு போகிற மாதிரி, இரண்டு சக்கரமும், இரண்டு பேர் படுக்க ஒரு மெத்தையும், மழை பெய்தால் உட்கார்ந்து பார்க்க ஒரு சன்னலும் வைத்து, அலுமினியத் தகட்டில் ஒரு டிரெய்லர் வீட்டை ஏழு மாதத்தில் கட்டி முடித்தார். மிஞ்சிய சாமானில், ஒரு எண்ணெய் டிரம்மை நெடுக்காகப் பிளந்து, கீல் வைத்து மூடி போட்டு, கம்பி வலை பொருத்தி, வெளியே வைத்து மீனும் கறியும் சுட ஒரு கரி அடுப்பும் செய்தார். அந்த அடுப்பிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

முதல் பயணத்தில் அவர்கள் தூத்துக்குடிக்கு வடக்கே சிப்பிமுனை என்ற மீனவக் குப்பத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்தினார்கள். தொம்மை என்ற மீன்காரர், வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து ரிவிட்டுகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அந்தத் தொழில்சுத்தத்துக்கு மரியாதையாக இரண்டு சீலா மீனைக் கொடுத்துவிட்டுப் போனார். வசந்தாமணி மிளகாயும் சீரகமும் அரைத்து, எலுமிச்சை பிழிந்து, மீனில் கீறிக் கீறித் தடவினாள். நாச்சிமுத்து கரியைப் பற்றவைத்தார். சாயங்காலக் காற்றில் கொஞ்சம் வடக்கே சாய்ந்து புகை மேலே போனது. காலையில் அவர்கள் கிளம்பும்போதும் அந்த இடத்தில் புகை இருந்தது. கரி அடியில் கனிந்துகொண்டிருக்கும் என்று ஒரு குடம் தண்ணீரை மண்ணில் ஊற்றிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கம் மறுபடி வந்தபோது, பாலத்திலிருந்து பார்த்தாலே அது தெரிந்தது. தென்னை மரத்தின் பருமனில், அன்றைய காற்றுக்குச் சாய்ந்த அதே சாய்வோடு, கீழே கரியும் இல்லாமல் கனலும் இல்லாமல், புகை அப்படியே நின்றுகொண்டிருந்தது. இப்போது வீசிய காற்று அதை அசைக்கவில்லை. பக்கத்தில் போனால் மிளகாயும் சீரகமும் எலுமிச்சையும் மீன்கொழுப்பும் அன்றைக்கு மணத்தது போலவே மணத்தது.

அது ஏன் நிற்கிறது என்று சிப்பிமுனையில் யாரும் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. முதல் வாரம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள், இரண்டாம் வாரம் சாமியார் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார், மூன்றாம் வாரம் அதன் அடியில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நாய்களெல்லாம் மீன் வராது என்று தெரிந்து எழுந்து போய்விட்டன. அதன்பிறகு அது ஊரில் ஒன்றாகிவிட்டது. கடலில் இருந்து வருகிறவர்கள் கோயில் கோபுரத்தையும் புகையையும் ஒரு கோட்டில் வைத்துப் பார்த்துக் கரை பிடித்தார்கள். பஸ் கண்டக்டர் "புகை ஸ்டாப் இறங்கு" என்றார். மீன் படாத நாட்களில் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்கள் ரசம் மட்டும் வைத்து, சோற்றுத் தட்டோடு புகைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வாசனையைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள்.

"உங்க புகைதான் அண்ணாச்சி," என்றார் தொம்மை. "நீங்க வச்சிட்டுப் போனது அப்படியே நிக்கி. எங்களுக்கு நல்லதாத்தான் இருக்கு."

நாச்சிமுத்து புகையின் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆண்கள் நிற்பது போல அவர் நின்ற அந்த நிலையை வசந்தாமணி பார்த்தாள். அவர்களுக்குக் கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷம். அந்த வராந்தாக்களில் நிற்க அவருக்கு வாய்த்ததில்லை.

அன்றிலிருந்து அவர் வண்டி ஓட்டும் விதமே மாறிவிட்டது. எங்கே தங்கலாம் என்று பார்த்தவர், எங்கே பற்றவைக்கலாம் என்று பார்க்க ஆரம்பித்தார். தேனிப் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் ஒன்று, செஞ்சிப் பாறைகளின் அடிவாரத்தில் ஒன்று, காவிரியோரம் ஒரு தோப்பில் ஒன்று, மரமே இல்லாத ஒரு பொட்டலில் ஒன்று என்று அவர் மீனும் கோழியும் ஆட்டுக்கறியும் சுட்டுக்கொண்டே போனார். சுட்ட இடத்திலெல்லாம் புகை நின்றது. டிரெய்லர் கதவின் உட்புறம் ஒரு தமிழ்நாட்டு வரைபடத்தை ஒட்டி, ஒவ்வொரு இடத்திலும் சிவப்பு மையால் ஒரு கோடு நிறுத்திவைத்தார். அங்கங்கே ஜனங்களும் அதற்குப் பழகினார்கள். செஞ்சியில் ஆடு மேய்க்கிறவர்கள் அதை வைத்து வழி சொன்னார்கள். காவிரித் தோப்பில் சீட்டாடுகிறவர்கள் கொசு வராத இடம் என்று அதன் கீழே பாய் விரித்தார்கள். பொட்டலில் ஒருவர் டீக்கடை போட்டு, கடைக்குப் புகைக்கடை என்றே பெயர் வைத்தார்.

வசந்தாமணிக்கு இதெல்லாம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்கவில்லை என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்கவில்லை. ஓர் இடத்தில் தங்கினால் வந்த சுவடு தெரியாமல் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகவேண்டும் என்பது அவள் சுபாவம். அவரோ ஒவ்வொரு ஊரை விட்டுக் கிளம்பும்போதும் பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே மெதுவாக ஓட்டினார். வளைவு திரும்பி மறைந்த பிறகு, பெருமூச்சு விட்டுவிட்டு ஏதாவது பாட்டை முனகினார். அந்தப் பாட்டுக்காக அவள் வாயை மூடிக்கொண்டாள்.

டிரெய்லரின் பின்பக்கம், பட்டறைக்காரர்கள் பஸ்ஸில் எழுதுகிற மாதிரி, தன் பெயரையும் போன் நம்பரையும் அவர் எழுதியிருந்தார். அதைக் குறித்துவைத்திருந்த யாரோ கொடுத்து, ஒரு நாள் மத்தியானம் நிலக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். போனை வசந்தாமணிதான் எடுத்தாள்.

"போன மாசம் எங்க காட்டோரமா வண்டி போட்டுத் தங்குனவுக நீங்கதானாத்தா?"

"ஆமாங்க. நீங்க யாருங்க?"

"என் பேரு ஒச்சம்மா. மல்லிகை போட்டிருக்கேன். உங்க புகை இங்க நிக்கிதுத்தா. வந்து எடுத்துக்கிட்டுப் போங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மறந்துவைத்த குடையை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்வது போலச் சொன்னாள். அதனால்தான் வசந்தாமணியால் அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை.

ஒச்சம்மாளின் காடு பதிமூன்று பாத்தி. புருஷன் போன பிறகு அவளே உழுது அவளே கொத்தி அவளே பறித்துக் காப்பாற்றிவந்த மல்லிகை. அதன் மேற்கு வரப்புக்கு ஒட்டி, நாச்சிமுத்து மிளகுக் கோழி சுட்ட புகை நின்றுகொண்டிருந்தது. ஒச்சம்மாள் அவர்களைத் திட்டவில்லை. ஒரு கை நிறைய மொட்டைப் பறித்து வசந்தாமணியின் மூக்குக்கு நேரே நீட்டினாள். பால் மாதிரி வெள்ளை மொட்டு. அதிலிருந்து மிளகும் இஞ்சியும் கோழித்தோல் கருகிய வாசமும் வந்தன.

"மார்க்கெட்டுல கூடையை மோந்து பாத்துட்டு அப்படியே தள்ளிவிட்டாக," என்றாள். "பரவாயில்லைனு இங்கனக்குள்ளேயே பொம்பளப் புள்ளைகளுக்குக் குடுத்தேன். என் பூவை வச்சுக்கிட்டுப் போற புள்ளைக பின்னாடி நாயி போகுதுத்தா. ஒரு கல்யாணப் பொண்ணு மணவறையிலேயே கழட்டி வச்சிருச்சு. அன்னைக்குத்தான் உங்க நம்பரைத் தேடுனேன்."

நாச்சிமுத்து தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டார். ஒரு பஸ்ஸில் கதவு சரியாகச் சாத்தவில்லை என்று யாராவது திருப்பிக் கொண்டுவந்தால் அவர் முகம் எப்படிப் போகுமோ அப்படிப் போயிருந்தது.

"சரிபண்ணிக் குடுத்துட்டுத்தானுங்க போவேன்," என்றார்.

ஈரச்சாக்கைப் போர்த்திப் பார்த்தார், சாக்கு மணத்தது. பெரிய மின்விசிறியை வாடகைக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். பக்கத்துக் கத்திரிக்காய்ச் செடிகள் ஆடின, புகை ஆடவில்லை. மண்ணைத் தோண்டிப் பார்த்தார். தோண்டிய பள்ளத்துக்கும் புகை இறங்கி நின்றது. நான்காம் நாள், தனக்குத் தெரிந்த வேலையைச் செய்வது என்று முடிவுபண்ணி, கரூரிலிருந்து தகடு வரவழைத்தார். சாய்ந்து நின்ற அந்தப் புகையைச் சுற்றி, அதன் சாய்வுக்கே சாய்த்து, வளையம் வளையமாகத் தகட்டை வளைத்து, ரிவிட் அடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி, நாற்பதடிக்கு ஒரு புகைக்கூண்டு கட்டினார். நான்கு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினார். பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளும் வசந்தாமணி விடிகாலையில் ஒச்சம்மாளோடு பாத்தியில் இறங்கி, விற்க முடியாத மொட்டுகளைப் பறித்தாள். பறிக்காமல் விட்டால் செடி அடுத்த மொட்டு வைக்காது என்று ஒச்சம்மாள் சொன்னாள். பறித்ததை ஒரு குழியில் கொட்டி மூடினார்கள். தினமும் அவ்வளவு வெள்ளையை மண்ணுக்குள் கொட்டுவதற்கு வசந்தாமணியின் கை பழகவே இல்லை.

கூண்டு முடிந்த ஒன்பதாம் நாள் ஒச்சம்மாள் ஒரே ஒரு மொட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். அது மல்லிகையாக மணத்தது.

கிளம்பும்போது அவள் ஜீப்பின் சன்னலருகே வந்தாள். "உங்க வீட்டுக்காரரு நல்ல மனுசன். பொறுப்பா செஞ்சு குடுத்தாரு. ஆனா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

ஒட்டன்சத்திரம் வரும்வரை நாச்சிமுத்து பக்கக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பாட்டும் இல்லை.

"இனி கரி வேண்டாமுங்க," என்றாள் வசந்தாமணி.

"அப்ப சுடறதையே விட்டுரலாங்கிறயா?"

"கேஸ்ல சுடற அடுப்பு இருக்குதாமாங்க. கோயமுத்தூர்ல கிடைக்குமாம். போய்ப் பாக்கலாம்."

அவினாசி சாலையில் ஒரு பெரிய கடையின் மாடியில் கேஸ் கிரில்லுகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். விற்பனைக்கு நின்ற பெண் சின்னவள், கெட்டிக்காரி. டிரெய்லரில் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்றதும் மூன்றைக் காட்டினாள். முதலாவது நான்கு பர்னரும் இரண்டு பக்கமும் பலகையும் அடியில் சக்கரமும் வைத்து ஒரு கன்றுக்குட்டி உயரத்துக்கு நின்றது. கடற்கரை மணலில் அந்தச் சக்கரம் உருளாது, புதையும் என்று நாச்சிமுத்து ஒரே பார்வையில் ஒதுக்கினார். இரண்டாவதும் மூன்றாவதும் மேசைமேல் வைக்கிற அளவு, இரண்டு பர்னர், மூடி, மடக்கினால் பெட்டி.

நாச்சிமுத்து சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து இரண்டின் உடம்பிலும் ஒட்டிப் பார்த்தார். ஒட்டாத தகடுதான் உப்புக்காற்றுக்குத் தாங்கும் என்றார். மூடியைத் திறந்து மூடிக் கீலின் ஆட்டத்தைப் பார்த்தார். மூடி எந்தப் பக்கம் திறக்கிறது, அதைக் காற்றுக்கு எதிரே மறைப்பாக நிறுத்தினால் தீ அணையாமல் நிற்குமா, மேடு பள்ளமான தரையில் காலைத் திருகி மட்டம் பண்ண முடியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சிலிண்டர் அஞ்சு கிலோவா என்று கேட்டுக்கொண்டு, அதைப் படுக்கிற இடத்துக்குள் வைக்கக்கூடாது, கசிந்தால் கேஸ் கீழே இறங்கித் தரையில்தான் தங்கும், அதனால் வண்டிக்கு வெளியே அடியில் துளை போட்ட ஒரு பெட்டி கட்டி அதில் நிறுத்தவேண்டும், குழாய் மூட்டுகளுக்கு மாசத்துக்கு ஒருதரம் சோப்புத்தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கவேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் குரலில் பட்டறை கேட்டது. வசந்தாமணி அதைக் கேட்டுக்கொண்டு பின்னால் நின்றாள்.

"இந்த ரெண்டாவதை எடுத்துக்கங்க சார்," என்றாள் அந்தப் பெண். "இதுல பாருங்க, பர்னர் மேல இந்த டப்பா. இதுல மரச்சீவல் போட்டுட்டா நல்லாப் புகை கட்டும். கரியில சுட்ட அதே வாசம் வரும். எல்லாரும் இதைத்தான் கேட்டு வாங்கறாங்க."

நாச்சிமுத்துவின் கை அந்த டப்பாவின் மேல் போய் நின்றது.

"மூணாவதுல?" என்று கேட்டாள் வசந்தாமணி.

"அதுல தட்டு சாய்வா இருக்குங்கம்மா. கொழுப்பு தீயில விழாம, இந்த வாய்க்கால் வழியா ஓடி அடியில தண்ணி ஊத்தின தட்டுல விழுந்துரும். புகை வாசம் கிடைக்காது. அதனால நிறையப் பேருக்குப் பிடிக்கறதில்ல."

"சுத்தமாப் புகையே வராதா?"

"மீன் வச்சாக் கொஞ்சம் வரத்தான் செய்யும். ஆனா உடனே போயிருங்கம்மா."

"போயிருமா?"

அந்தப் பெண் சிரித்தாள். "புகை எங்கம்மா நிக்கும்?"

அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாச்சிமுத்து, கொஞ்சம் யோசித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லி, படியிறங்கி வெளியே வந்து நடைபாதையில் நின்றார். வசந்தாமணி பின்னாலேயே வந்தாள். பஸ்கள் போய்க்கொண்டிருந்தன; அதில் எது தான் கட்டியது என்று பார்க்கிற பழக்கத்தில் அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஏம்புள்ள," என்றார், அவளைப் பார்க்காமல். "நமக்குப் பின்னால என்ன இருக்குது? இந்தப் பஸ்ஸெல்லாம் பதினஞ்சு வருஷத்துல பழைய இரும்புக்குப் போயிரும். அந்த ஆறு புகைதான் நிக்குது. ஒச்சம்மாளுது ஒண்ணு தப்பாப் போச்சு, ஒத்துக்கறேன். மத்ததெல்லாம் சனங்களுக்கு நல்லதாத்தான இருக்குது. அந்தத் தொம்மை 'உங்க புகை'ன்னு சொன்னான் பாரு. அதை யாரும் என்கிட்டச் சொன்னதில்ல, வசந்தா. உங்களுதுன்னு."

கல்யாண வீடுகளிலும் வளைகாப்புகளிலும் தன்னை ஓரமாக உட்கார வைத்தவர்களின் முகங்கள் அவளுக்கு நினைவு வந்தன. அவற்றை அவள் இவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

"எனக்கும்தானுங்க இல்ல," என்றாள். "முப்பத்து மூணு வருஷமா எனக்கும் இல்ல. அதுக்கு ஒச்சம்மா பூ என்ன பண்ணுச்சுங்க?"

இரண்டு பஸ் போயிற்று. மூன்றாவது பஸ் அவர் கட்டியது. அதை அவர் பார்க்கவில்லை. திரும்பிப் படியேறிப் போய், மூன்றாவது அடுப்பை எடுத்துக் கட்டச் சொன்னார்.

புது அடுப்போடு சிப்பிமுனைக்குத்தான் முதலில் போனார்கள். போய் இறங்கியதுமே தொம்மை தன் தங்கை இன்னாசியம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளைக் கொடுத்திருந்த ஊர் ஆறு மைல் தள்ளி ஆலந்துறை. அங்கே கோபுரமும் கிடையாது, உயரமான கட்டிடமும் கிடையாது. தை மாசத்து மூடுபனியில் அவள் புருஷனின் வள்ளம் கரை தெரியாமல் இரண்டு நாள் கடலிலேயே சுற்றியது. குடிக்கத் தண்ணீர் தீர்ந்து, நாக்கு தடித்துத்தான் வந்து சேர்ந்தான்.

"எங்க ஊருக்கும் ஒரு புகை வச்சுக் குடுங்க மதினி," என்று அவள் வசந்தாமணியின் கையைப் பிடித்தாள். "பனியில அது தெரியாட்டியும் வாசம் வரும்லா. அதைப் பிடிச்சு வந்திருவாவ."

டிரம் அடுப்பு இன்னும் டிரெய்லரின் அடியில் கட்டித்தான் இருந்தது. தூக்கிப்போட அவருக்கு மனம் வரவில்லை, போடச் சொல்ல அவளுக்கும் மனம் வரவில்லை. வசந்தாமணி புருஷனைப் பார்த்தாள். அவர் முகம் மலரும், உடனே கரியைத் தேடுவார் என்று நினைத்தாள்.

"எனக்குப் புரியுதுங்க," என்றார் நாச்சிமுத்து மெதுவாக. "ஆனா ஒருதரம் வச்சா வச்சதுதான். எடுக்க முடியாது. உங்க ஊர்ல அத்தனை பேரையும் கேக்கோணும். ஒருத்தர் வேண்டாம்னாலும் வைக்கக்கூடாது."

ஆலந்துறை கோயில் வாசலில் மூன்று நாள் சாயங்காலம் கூட்டம் நடந்தது. புகை வேண்டுமா என்பதில் அரை மணி நேரத்தில் எல்லாருக்கும் சம்மதம் வந்துவிட்டது. எந்த இடம் என்பதில் ஒரு நாள் போயிற்று. இளைப்பு உள்ள இரண்டு பேரின் வீட்டுக்கு எந்தக் காற்றிலும் வாசம் போகாத இடமாகப் பார்த்து, வடக்கு மணல்மேட்டைக் குறித்தார்கள். மீதி இரண்டு நாளும் எந்த வாசனை என்பதில் போயிற்று. மீன் என்றார்கள் ஆண்கள். கடலிலும் மீன், வீட்டிலும் மீன், சும்மா மூச்சு விடுவதிலுமா என்றார்கள் பெண்கள். சாம்பிராணி என்றார் கோயில் உபதேசியார். தினம் தினம் எழவு வீடு மாதிரி இருக்கும் என்றார்கள். கோழி என்றதும், நாயெல்லாம் இங்கேதான் குடியிருக்கும் என்றார்கள். இனிப்பு என்றதும் சர்க்கரை வியாதிக்காரர்கள் எழுந்துகொண்டார்கள். இனி பிறக்கப்போகிறவர்களும் மோந்துகொண்டு இருக்க வேண்டிய வாசம் என்று ஒருத்தி சொன்னாள். உடனே இன்னாசியம்மாள், ஓரமாக நின்ற வசந்தாமணியிடம், "நீங்க சொல்லுங்க மதினி" என்றாள்.

இனி பிறக்கப்போகிற பிள்ளைகளைப் பற்றிய பேச்சில் தன்னை யாரும் கேட்பார்கள் என்று வசந்தாமணி நினைத்ததில்லை. ஓரத்திலிருந்து ஓரடி முன்னால் வந்து, "தோலோட கடலைக்காய் சுட்டா எப்படிங்க?" என்றாள்.

எல்லாரும் யோசித்துப் பார்த்தார்கள். பல் போன ஒரு பெரியவரைத் தவிர யாருக்கும் அதில் குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. அவரும், வாசத்துக்குப் பல் எதற்கு என்று பிறகு ஒத்துக்கொண்டார்.

பற்றவைக்கக் கூப்பிட்டபோது நாச்சிமுத்து போகவில்லை. டிரம் அடுப்பை அவிழ்த்து, துருவைத் தேய்த்து, கீலுக்கு எண்ணெய் போட்டு, இன்னாசியம்மாளின் புருஷனிடம் கொடுத்தார். "நீங்களே பத்தவைங்க. நின்னா உங்க புகை." ஆலந்துறைக்காரர்கள் வைத்தால் அது நிற்குமா என்று யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. மணல்மேட்டுக்கு ஊரே போனது. கடலைக்காயைக் கூடை கூடையாகச் சுட்டுத் தின்றார்கள். மறுநாள் காலையில் கரியை அள்ளிப்போட்ட பிறகும் புகை நேராக, சாய்வில்லாமல், நின்றது. அந்த வருஷப் பனியில் ஆலந்துறை வள்ளங்கள் எல்லாம் சுட்ட கடலைக்காய் வாசத்தைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தன. அந்த அடுப்பை அவர்கள் அதன்பிறகு மூட்டவில்லை. கோயில் சாமான் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

அங்கிருந்து கிளம்பி மேற்கே வந்து, பெயர் தெரியாத ஓர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினார்கள். கேட்க வேண்டியவர்கள் யாரும் அங்கே இல்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. நாச்சிமுத்து புது அடுப்பை மடக்கு மேசையில் வைத்துக் காலைத் திருகி மட்டம் பார்த்தார், மூடியைக் காற்றுக்கு எதிரே திறந்துவைத்தார், அடித்தட்டில் தண்ணீர் ஊற்றினார், குழாயைத் தடவிப் பார்த்துவிட்டுப் பற்றவைத்தார். நீலமாக இரண்டு வரிசைத் தீ வந்தது. வசந்தாமணி வழியில் வாங்கிய கெண்டையை மசாலா தடவி அதில் வைத்தாள்.

முதல் மீனைத் திருப்பும்போது மெல்லிசாக ஒரு புகை எழுந்தது. இருவரும் கையில் இருந்ததை அப்படியே வைத்துக்கொண்டு அதைப் பார்த்தார்கள். அது அவர் தாடை உயரத்துக்கு வந்தது. பிறகு கருவேலங்கிளை உயரத்துக்குப் போனது. அங்கே கொஞ்சம் விரிந்தது. விரிந்தது எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் ஆனது. அப்புறம் கிளை மட்டும் இருந்தது.

"போயிருச்சு," என்றார் நாச்சிமுத்து.

அவர் குரலில் என்ன இருக்கிறது என்று அவள் கவனித்தாள். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்; சொல்லிவிட்டுக் குனிந்து அடுத்த மீனைத் திருப்பினார். இதைத்தான் அவள் வேண்டும் என்று கேட்டாள், இதற்காகத்தான் மூன்றில் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தாள். நாளைக் காலை கூட்டிப் பெருக்கிவிட்டுக் கிளம்பினால், இந்தக் கரையில் அவர்கள் இரண்டு பேரும் ஒரு சாயங்காலம் இருந்தார்கள் என்று சொல்ல ஒரு சாம்பல்கூட மிச்சமிருக்காது. அவள் தட்டை எடுக்கத் திரும்பினாள். தட்டு கலங்கலாகத் தெரிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மறுபடியும் துடைக்க வேண்டியிருந்தது.

"என்ன புள்ள?"

"புகைங்க. கண்ணுல பட்டுருச்சு."

நாச்சிமுத்து அவளைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். தீயைக் குறைத்து வைத்துவிட்டு, தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"ஆமா," என்றார். "எனக்கும் படுது."